சட்டாம்பிள்ளை முதல் கூகுள் ஃபார்ம் வரை

"இன்னைக்கு ஆன்லைன் க்விஸ் இருக்கு." பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீடுகளில் இப்போது இந்த வார்த்தை காதில் விழாத வாரம் இல்லை. நம் வயதுக்காரர்களுக்கு க்விஸ் என்றால் ரேடியோவில் வந்த போர்ன்விட்டா க்விஸ் நினைவுக்கு வரும். இல்லையென்றால் 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'க்விஸ் டைம்'. கொஞ்சம் பின்னால் வந்தால் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்'. அதெல்லாம் பொழுதுபோக்கு. பிள்ளைகள் இன்று சொல்லும் க்விஸ் வேறு. வாத்தியார் நடத்திய பாடம் மண்டையில் ஏறியதா என்று போனிலோ கணினியிலோ பத்துக் கேள்வி கேட்டுப் பார்க்கும் தேர்வு அது.

நான் 1974 முதல் 2009 வரை திண்டுக்கல் சமவெளிப் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் வாத்தியாராக இருந்தவன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது மதுரை மாவட்டம். 1985-ல்தான் திண்டுக்கல் தனி மாவட்டமானது. முப்பத்தைந்து வருடம் கேள்வித்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்திக் கை காய்த்துப்போன எனக்கு இந்தப் புதுத் தேர்வின் பூர்வீகத்தைத் தேடிப் பார்க்கும் ஆசை வந்தது. தேடியதில், கருவி மட்டும்தான் புதிது, உள்ளே இருக்கும் சிக்கல் இருநூறு வருடப் பழசு என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மணலில் நடந்த தேர்வு

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு கலெக்டரிடமும் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். திண்டுக்கல் அப்போது மதுரை கலெக்டரின் கீழ் இருந்தது. வந்த கணக்கையெல்லாம் கூட்டி 1826-ல் மன்றோ எழுதிய குறிப்பில் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை நாம் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று சொல்லும் வகைதான்.

அங்கே பரீட்சை என்று ஒரு நாள் கிடையாது. தினமும் பரீட்சைதான். மணலில் விரலால் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் உடனே அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். எண்சுவடியை ஒருவன் முறை சொல்ல மற்றவர்கள் தொடர்ந்து சொல்வார்கள். பிறகு ஒவ்வொருவனாகத் தனியே ஒப்பிக்க வேண்டும். வாத்தியார் ஒருவரால் எல்லாரையும் கேட்டு முடியாது என்பதால், முன்னே படித்தவன் சட்டாம்பிள்ளையாக உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளைக் கேட்பான். பிரம்படியும் கோதண்டமும் இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேர்வு என்ற வகையில் பார்த்தால் ஒரு விஷயம் முக்கியம். பையன் செய்த தப்பு அந்த நிமிடமே அவனுக்குத் தெரிந்தது. அவனுக்கும் சட்டாம்பிள்ளைக்கும் வாத்தியாருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியவில்லை. எந்த ரிஜிஸ்டரிலும் அது ஏறவில்லை.

சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திவந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. இந்த முறை கப்பலேறிப் போனது நம் பக்கத்திலிருந்துதான்.

இன்ஸ்பெக்டர் வந்தார்

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அந்த வருடமே முதல் மெட்ரிகுலேஷன் தேர்வும் நடந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: பின்னாளில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும், கரோல் விசுவநாத பிள்ளையும். அன்றிலிருந்து பரீட்சை என்றால் உத்தியோகத்துக்கான கடவுச்சீட்டு என்று ஆகிவிட்டது.

அதே காலத்தில் கிராமத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு விதமான பரீட்சை வந்தது. இங்கிலாந்தில் 1862-ல் ஒரு விதி போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடிதான் பள்ளிக்கு மானியம். 'தேர்ச்சிக்குத் தக்க கூலி' என்று சொல்லலாம். அந்த 1860களிலேயே சென்னை மாகாணத்துக்கும் இது வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் பலர் அரசாங்க மானியத்துக்காக இந்தச் சோதனைக்குள் வந்தார்கள்.

விளைவு என்ன? இங்கிலாந்தில் கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தார். பள்ளிகள் இயந்திரம் போல ஆகிவிட்டன என்று தன் அறிக்கைகளில் வருடா வருடம் எழுதினார். சோதிக்கப்போவது எந்த வாசகப் புத்தகம் என்று முன்பே தெரியும். அதனால் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் வாசிப்பது போல ஒப்பித்தார்கள். பரீட்சை தேறியது, படிப்பு தேறவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து இதைக் கைவிட்டது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேயும் கைவிட்டார்கள்.

வாத்தியார் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்ஸ்பெக்டரும் கேட்டார். விடை யாருக்குப் போகிறது, அதன் மேல் என்ன தொங்குகிறது என்பது மாறியதும் அந்தக் கேள்வியின் குணமே மாறிவிட்டது. மேலே படிக்கும்போது இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு விடையில் ஒன்று

'சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக' என்ற ஒரு மார்க் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் கான்சாஸில் பிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் 1914, 1915 வாக்கில் வாசிப்புத் திறனைச் சோதிக்க இந்த மாதிரிக் கேள்விகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே விடைத்தாளுக்கு ஒரு வாத்தியார் 70 போடுவார், இன்னொருவர் 45 போடுவார். அந்த ஏற்றத்தாழ்வை ஒழிக்கவும், சீக்கிரமாகத் திருத்தவும்தான் இந்த ஏற்பாடு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேரை இந்த மாதிரித் தேர்வால் சலித்தெடுத்தது. அதன்பின் இது உலகம் முழுக்கப் பரவியது.

திருத்தும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பது நம் இனத்துக்குப் பெருமை. மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்த ரெனால்டு ஜான்சன், பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்ற சின்ன உண்மையை வைத்து, பென்சிலால் குறியிட்ட விடைகளை எண்ணும் கருவி செய்தார். ஐ.பி.எம். கம்பெனி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு 1938-ல் அந்த இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்னொருவர் சிட்னி பிரெஸ்ஸி. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1920களில் தட்டச்சுப்பொறி மாதிரி ஒரு பெட்டி செய்தார். ஜன்னல் வழியாக ஒரு கேள்வி தெரியும், கீழே நாலு பொத்தான். ஒரு வகையில் வைத்தால் அது மார்க்கை மட்டும் எண்ணும். இன்னொரு வகையில் வைத்தால் சரியான பொத்தானை அழுத்தும்வரை அடுத்த கேள்வி வராது. சரியாகச் சொன்ன பிள்ளைக்கு மிட்டாய் விழுகிற மாதிரி ஓர் இணைப்பும் செய்து வைத்திருந்தார்! மார்க் போடும் வேலை வேறு, கற்றுக்கொடுக்கும் வேலை வேறு, ஒரே பெட்டி இரண்டையும் செய்யலாம் என்பதை அன்றே அவர் புரிந்துகொண்டிருந்தார். இன்றைய ஆன்லைன் க்விஸின் தாத்தா அந்தப் பெட்டிதான்.

நம் பக்கம் அந்தப் பெட்டியெல்லாம் வரவில்லை. எங்களுக்கு வாய்த்தது ஸ்டென்சில் தாளும் சைக்ளோஸ்டைல் மெஷினும். கோடிட்ட இடம், பொருத்துக, சரியா தவறா எல்லாவற்றையும் இரும்பு எழுத்தாணியால் ஸ்டென்சிலில் கீறி, மை உருளையைச் சுற்றி, ஈரம் காயும்வரை திண்ணையில் பரப்பி வைப்போம். அடுத்த நாள் தேர்வு முடியும்போது பிள்ளைகள் விரலெல்லாம் மையாக இருக்கும்.

ஐந்து கேள்வி வாத்தியார்

1982 வாக்கில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர். தினமும் வகுப்பின் முதல் பத்து நிமிடம், முந்தின நாள் பாடத்திலிருந்து ஐந்து கேள்வி கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடை போடுவார்கள். பிறகு அவரே விடை சொல்லி, "முதல் கணக்கு தப்பானவங்க கை தூக்குங்க" என்பார். எண்ணி, பலகை ஓரத்தில் எழுதுவார். எந்தக் கணக்கில் அதிகம் பேர் கை தூக்கினார்களோ அதைத் திரும்ப நடத்துவார். மார்க் எதுவும் குறிக்க மாட்டார். நோட்டை வாங்கிப் பார்க்கவும் மாட்டார். தப்புச் செய்த பிள்ளைகள் கூச்சமில்லாமல் கை தூக்குவதை நானே பக்கத்து வகுப்பிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடாந்திர ஆய்வின்போது வந்த அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. "தேர்வு வைக்கிறீர்கள், பதிவேடு எங்கே?" என்று கேட்டு, ஆய்வுக் குறிப்பிலும் எழுதிவிட்டார். அடுத்த மாதம் முதல் அந்த ஐந்து கேள்விக்கும் மார்க் ரிஜிஸ்டர் போடப்பட்டது. கேள்வி மாறவில்லை, வாத்தியார் மாறவில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் கை தூக்குவது நின்றுபோனது. பிள்ளைகள் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ரிஜிஸ்டரில் எல்லாருக்கும் ஐந்துக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து. அரையாண்டுத் தேர்வில் அது வெளுத்துவிட்டது.

அந்த ஐந்து கேள்விக்கு என்ன பலன் இருந்தது என்பதைப் பின்னாளில் ஆராய்ச்சியே சொன்னது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு நாலு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நாலு முறை படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். கேள்வி கேட்பது அளப்பதற்கு மட்டுமல்ல, கேட்பதாலேயே மனதில் பதிகிறது என்று அர்த்தம். திண்ணைப் பள்ளிக்காரர்கள் தினமும் ஒப்பிக்கச் சொன்னதிலும் இந்தச் சாரம் இருந்தது.

ஊரடங்கும் மின் சான்றிதழும்

இனி நாம் எல்லோரும் பார்த்த காலத்துக்கு வருகிறேன். 2011-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. எழுத்துத் தேர்வுக்கு 60, வகுப்பறைச் செயல்பாட்டுக்கும் சிறு தேர்வுக்கும் 40. 2018-ல் புதுப் பாடப் புத்தகங்களில் கியூ.ஆர். கோடு அச்சானது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. எல்லாம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தபோது 2020 மார்ச்சில் பள்ளிக்கூடமே மூடிவிட்டது.

அந்தக் கோடையில் நடந்தது நினைவிருக்கிறதா? பள்ளி, கல்லூரி, நூலகம் என்று யாரைப் பார்த்தாலும் கூகுள் ஃபார்மில் ஒரு வினாடி வினா. கொரோனா விழிப்புணர்வு, திருக்குறள், தலைவர்கள், பொது அறிவு. குறிப்பிட்ட சதவீதம் எடுத்தால் பெயர் போட்ட மின் சான்றிதழ் மெயிலில் வந்துவிடும். எனக்கே ஏழெட்டு வந்தது. விடைகளும் சில நேரம் கேள்விக்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்! வீட்டில் அடைந்து கிடந்த ஜனத்துக்கு அது ஓர் ஆறுதல். யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

பாடம் சம்பந்தப்பட்ட க்விஸ்தான் கஷ்டம். அக்கறையுள்ள இளம் ஆசிரியர்கள் ராத்திரி உட்கார்ந்து ஃபார்ம் தயாரித்து அனுப்பினார்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு போன். அந்தப் போன் விடிகாலையில் அப்பாவின் சட்டைப்பையில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கோ நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கோ போய்விடும். திரும்பி வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும். நாற்பது பேர் வகுப்பில் பன்னிரண்டு பேர் விடை அனுப்பினால், அது அந்தப் பன்னிரண்டு பேரின் படிப்பையும் காட்டவில்லை. யார் வீட்டில் போன் இருந்தது என்பதைத்தான் காட்டியது.

அரசாங்கத்துக்கும் அது புரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்தபோது, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். 2021-ல் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோதும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் 50, பிளஸ் ஒன் 20, பிளஸ் டூ செய்முறையும் அக மதிப்பீடும் 30 என்று பழைய பதிவுகளைத்தான் பெரிதும் நம்பினார்கள். போனில் எழுதிய க்விஸை நம்பி யாரும் மார்க் ஷீட் போடவில்லை.

கல்லூரிகளில் போட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேர ஆன்லைன் தேர்வு வைத்தது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். பிள்ளை கண்ணைத் திருப்பினாலும் கேமரா பார்க்கும். அடுத்த பருவத் தேர்வின் முடிவு 2021-ல் வந்தபோது பெரிய கூச்சல் எழுந்து, மறுதேர்வு வைக்க வேண்டியதாயிற்று. ஆர்னால்டு பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

ஆய்வகத்துக்கு வந்த க்விஸ்

பள்ளி திறந்தபின் க்விஸ் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. மாநிலம் முழுக்க 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்து கணினி, மேல்நிலைக்கு இருபது. ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை பிள்ளைகளுக்கு அங்கே வினாடி வினா வடிவில் தேர்வு வைக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கும் இங்கே ஒரு கணினி கிடைக்கிறது. இது உண்மையான முன்னேற்றம். பத்து கணினியில் நாற்பது பேர் எழுத நாலு அணி பிரிக்க வேண்டும், கரண்டும் நெட்டும் ஒத்துழைக்க வேண்டும் என்பது வேறு கதை.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நிலையை ஆசிரியரே போன் செயலியில் கேள்வி வைத்துப் பதிந்தார். கொரோனாவில் எழுத்து மறந்த பிள்ளைகளுக்கு இது தேவையான திட்டம்தான். ஆனால் பதிவேற்றவே நேரம் போகிறது, பாடம் நடத்த நேரமில்லை என்று ஆசிரியர் சங்கங்கள் குரல் கொடுத்ததையும் செய்தித்தாளில் படித்தோம். வேடசந்தூரில் நான் பார்த்த மார்க் ரிஜிஸ்டர்தான் இப்போது செயலியாக வந்திருக்கிறது.

நான் இந்தக் கருவிக்கு எதிரி இல்லை. அதன் பலத்தை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். 0.5 × 0.5 எவ்வளவு? விடைகள்: 0.25, 2.5, 25, 1. நாற்பது பேரில் இருபத்தைந்து பேர் 2.5 என்று அழுத்தினால், கணக்கு வாத்தியாருக்கு ஒரு நொடியில் நோய் தெரிந்துவிடும். பெருக்கத் தெரிகிறது, புள்ளி வைக்கத் தெரியவில்லை. 1 என்று அழுத்தினவன் பெருக்குவதற்குப் பதில் கூட்டியிருக்கிறான். நான் நாற்பது நோட்டைத் திருத்தி இதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி ஆகும். பலவீனமும் உண்டு. நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் இருபது கேள்விக்கு ஐந்து சரியாக வர வாய்ப்பிருக்கிறது. பிள்ளை எப்படி யோசித்தான் என்பதையும் முழுக்கச் சொல்லாது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு ஏற்பாடு செய்தவர்கள் நம் சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் படிப்புக்காரர்கள். 2014 முதல் சான்றிதழ் தருகிறார்கள். வாரா வாரம் ஆன்லைனில் பயிற்சிக் கேள்வி, அதற்கு 25 சதவீதம். கடைசித் தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், அதற்கு 75 சதவீதம். வாரக் கேள்வி பெரும்பாலும் படிப்பதற்கு, மையத் தேர்வு அளப்பதற்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் இதையே கேட்கிறேன். வாரக் க்விஸின் மார்க் வகுப்பறைக்குள்ளேயே இருக்கட்டும். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தவறினார்கள் என்ற கூட்டுத்தொகை மேலே போகட்டும், பிள்ளையின் பெயரும் வாத்தியாரின் பெயரும் போக வேண்டாம். பருவத் தேர்வு தாளில் நடக்கட்டும், அதைப் பதிவேட்டில் ஏற்றட்டும்.

அதுவரை நம்மாலும் ஒன்று செய்ய முடியும். பேரப் பிள்ளை க்விஸ் முடித்துவிட்டு வந்தால் "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கேள்வி தப்பாச்சு, ஏன்?" என்று கேளுங்கள். முதல் தடவை முழிப்பார்கள். பத்து நாள் கேட்டால் அவர்களே வந்து சொல்வார்கள்.